‘பாலிஷ் போதாது’ என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வளாகத் தேர்வுக்காக ஊர் ஊராகக் கல்லூரிகளுக்கு வரும் ஹெச்.ஆர். அதிகாரிகளுக்கும், அவர்களோடு மேசையில் உட்காரும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

தர்மபுரிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் 14 வருடங்களாகப் பிளேஸ்மென்ட் வேலையைப் பார்த்து வருகிறேன். நீங்கள் வரும் நாளில் காலையில் வாசலில் நின்று வரவேற்பதும், மதியம் சாப்பாடு சொல்லிவைப்பதும், சாயங்காலம் நீங்கள் கொடுக்கும் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதும் நான்தான். ஒட்டிய பிறகு, பட்டியலில் பெயர் இல்லாத பிள்ளைகள் என் அறைக்குத்தான் வருவார்கள். “என்ன சார் தப்பா சொன்னேன்?” என்று கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் சரியான பதில் இருந்ததில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன் வந்த ஒரு நிறுவனத்தின் குழு, கிளம்பும்போது மதிப்பீட்டுத் தாள்களை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனது. அடுத்த முறைக்கு மாணவர்களைத் தயார்ப்படுத்த உதவும் என்று நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தார்கள். அதில் ஒரு மாணவியின் தாள் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. கோடிங் தேர்வில் அந்த வருடம் முதலாவதாக வந்தவள். டெக்னிக்கல் ரவுண்டில் ‘மிக நன்று’. ஹெச்.ஆர். ரவுண்டுக்கான கட்டத்தில் இரண்டே வரி: பாலிஷ் போதாது. டீமோடு ஒட்டுவாரா என்று தெரியவில்லை.

உள்ளே என்ன பேசினீர்கள் என்று அவளிடம் கேட்டேன். சனி, ஞாயிறுகளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவள் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். சனிக்கிழமை மதியம் பஸ் பிடித்து ஊருக்குப் போவாள். அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். வீட்டில் பாட்டியும் பிளஸ் டூ படிக்கும் தம்பியும்தான். பாட்டிக்கு முட்டி வலி. அதனால் ஆட்டை ஓட்டிக்கொண்டு போவது, தண்ணீர் பிடித்து வைப்பது, அந்த வாரத்துக்கு வேண்டிய கேழ்வரகை மில்லில் அரைத்து வருவது, தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் இவள். “சரி, ஹாபின்னு எதுவும் இல்லையா?” என்று அடுத்த கேள்வி வந்திருக்கிறது. அவள் பேசாமல் இருந்துவிட்டாள்.

அவளுக்கு அடுத்து உள்ளே போன பையன் ட்ரெக்கிங் போவதைப் பற்றியும் கிட்டார் கற்றுக்கொள்வதைப் பற்றியும் பத்து நிமிடம் சிரித்துப் பேசிவிட்டு வந்தான். அவனுக்கு வேலை கிடைத்தது. அவனும் கெட்டிக்காரன்தான், அதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் ஒரு வீட்டையும் ஆடுகளையும் தம்பியின் படிப்பையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒழுங்குபண்ணிவிட்டு, திங்கட்கிழமை முதல் பீரியடுக்கு வந்து உட்காருகிற பெண் ஒரு டீமோடு ஒட்டமாட்டாள் என்று எதை வைத்துத் தோன்றியது? இத்தனை வருடம் யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

‘பாலிஷ்’ என்பதை நீங்கள் பல பேரில் எழுதுகிறீர்கள். எக்ஸ்போஷர் குறைவு, கான்ஃபிடன்ஸ் இல்லை, கல்ச்சர் ஃபிட் இல்லை, கொஞ்சம் ‘ரா’வாக இருக்கிறார். எல்லாவற்றையும் அந்தப் பிள்ளையின் குணம் என்று நினைத்தே எழுதுகிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை அதில் பாதிக்கு மேல் அந்தப் பிள்ளை பிறந்த வீட்டின் கணக்கு. சாப்பாட்டு மேசையில் ஆங்கிலச் செய்தித்தாள் கிடந்த வீடு, லீவுக்கு மலை ஏறப் போன வீடு, பெரியவர்களிடம் எதிர்க்கேள்வி கேட்டால் ரசித்த வீடு. 21 வயதில் உங்கள் முன்னால் வந்து உட்காரும்போது அந்த வீட்டின் 21 வருடங்களும் கூடவே வந்து உட்காருகின்றன. நிலம், நகை மாதிரி இதுவும் ஒரு சொத்துதான். பத்திரம் இல்லாததால் யாரும் இதைச் சொத்து என்று சொல்வதில்லை, திறமை என்று சொல்கிறோம்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. பிரான்ஸில் பியர் பூர்தியு என்று ஒரு சமூகவியல் அறிஞர் இருந்தார். 1930-ல் தென்மேற்கு மூலையில் ஒரு கிராமத்தில் பிறந்தவர், அப்பா தபால் துறையில் சாதாரண ஊழியர். உள்ளூர்ப் பேச்சோடு வளர்ந்து, பாரிஸின் பெரிய கல்வி நிறுவனத்துக்குப் போனவர். நம் பிள்ளைகளின் கதைதான். 1960-களில் அவர் 1,200-க்கும் மேற்பட்டவர்களிடம் என்ன இசை பிடிக்கும், எந்தப் புகைப்படம் அழகு, வீட்டு நாற்காலியை எங்கே வாங்கினீர்கள் என்றெல்லாம் கேட்டார். ‘என் சொந்த ரசனை’ என்று ஒவ்வொருவரும் நினைத்தது, அவர்களுடைய படிப்போடும் அவர்கள் அப்பாவின் தொழிலோடும் ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. இன்னொரு முறை அவரும் அவருடைய சக ஆய்வாளரும் பாரிஸில் ஓர் ஆசிரியர் தன் மாணவிகளைப் பற்றி எழுதி வைத்திருந்த குறிப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண் வாங்கியவர்கள்தான். ஆனால் வசதியான வீட்டுப் பெண்ணுக்கு நயமானவள், கூர்மையானவள் என்ற மாதிரிச் சொற்கள். எளிய வீட்டுப் பெண்ணுக்கு மந்தம், கஷ்டப்பட்டுச் செய்கிறாள் என்ற மாதிரிச் சொற்கள். அந்த ஆசிரியர் கெட்டவர் இல்லை. தான் வீட்டைப் படிக்கிறோம் என்று தெரியாமல், பிள்ளையைப் படிக்கிறோம் என்று நினைத்திருந்தார், அவ்வளவுதான். உங்கள் தாளில் அந்த இரண்டு வரிகளைப் பார்த்த அன்று எனக்கு அந்தக் குறிப்புகள்தான் ஞாபகம் வந்தன.

பாரிஸ் தூரம் என்றால் எங்கள் ஊர்த் தட்டுக்கே வருகிறேன்.

எங்கள் பக்கம் மானாவாரி பூமி. கேழ்வரகுக் களிதான் சோறு. என் சின்ன வயதில் அரிசிச் சோற்றை ‘நெல்லுச்சோறு’ என்று தனியாகப் பேர் வைத்துத்தான் சொல்வோம். பொங்கல், தீபாவளி, கல்யாணம் என்றால் நெல்லுச்சோறு. இட்லி தோசைக்கும் அதே கதைதான். தினமும் வெள்ளைச் சோறு தின்ற வீடு என்றால் ஒன்று நஞ்சை நிலம் இருக்கவேண்டும், இல்லையென்றால் மாதச் சம்பளம் வரவேண்டும். களி தின்கிறவன், சோறு தின்கிறவன் என்று மனிதர்களையே அப்படிப் பிரித்துப் பேசியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் களி உருண்டை இருக்கும் தூக்குவாளியைத் திறக்கக் கூச்சப்பட்டு, மரத்தடியில் மறைந்து சாப்பிட்டவன் நான்.

அப்புறம் ரேஷன் அரிசி வந்தது. 2008-ல் கிலோ ஒரு ரூபாய், 2011-லிருந்து இலவசம். களி மட்டுமே கதியென்றிருந்த வீடுகளிலும் தினமும் சோறு வெந்தது. அதன் அருமை பசி தெரிந்தவர்களுக்குப் புரியும். ஆனால் எல்லார் தட்டிலும் சோறு வந்த பிறகு, சோறு யாரையும் உயர்த்திக் காட்டவில்லை. உடனே வேறு கோடு விழுந்தது: ரேஷன் அரிசியா, கடை அரிசியா? விருந்தாளி வந்தால் பொன்னி அரிசி வாங்கிவர ஆளனுப்பிய வீடுகளை எனக்குத் தெரியும். இப்போது அந்தக் கோடும் நகர்ந்துவிட்டது. ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே வருடம் எங்கள் மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். நல்ல விஷயம். நகரத்து மாலில் அதே கேழ்வரகு அழகான பாக்கெட்டில் பல மடங்கு விலையில் இருக்கிறது. அந்த மாணவி களி கிண்டத் தெரியும் என்று சொன்னால் அது பட்டிக்காடு. மில்லட் சாப்பிடுகிறேன் என்று ஒருவர் சொன்னால் அது ஆரோக்கியத்தில் அக்கறை. தானியம் ஒன்றுதான், தின்கிற ஆள் வேறு. எது நல்ல ரசனை என்பதை நாக்கு முடிவு செய்வதில்லை என்று சொல்ல இதைவிட நெருக்கமான உதாரணம் எனக்குத் தெரியாது.

காபிக்கும் இதுதான் நடந்தது. நூறு வருடங்களுக்கு முன் தமிழ்நாட்டு நகரங்களில் காபி, உத்தியோக வீடுகளின் அடையாளமானது. டீ உழைப்பாளிகளின் பானம் என்று ஒதுங்கியது. ஓட்டல் பலகைகளில் ‘பிராமணாள்’ என்று எழுதியிருந்தார்கள். அதை அழிக்கச் சொல்லி 1957-ல் சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டல் முன்னால் பெரியார் நடத்திய போராட்டம் ஊரறிந்தது. கிராமத்து டீக்கடைகளில் தலித் மக்களுக்குத் தனிக் குவளை வைத்திருந்தார்கள். அதனால் ரசனையைப் பற்றிப் பேசும்போது சாதியை விட்டுவிட்டுப் பேச என்னால் முடியாது. யார் எந்தக் குவளையில் குடிக்கலாம் என்று அடித்து வைத்த கணக்கின் மிச்சம்தான், யார் பார்த்தால் ‘நம்ம ஆள் மாதிரி’ தெரிகிறார் என்பதில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

படிப்பின் கதையும் வேறில்லை. 1953-ல் பள்ளியில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. ஜனங்கள் அதைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்து நின்றார்கள், 1954-ல் அது போனது. காமராசர் பள்ளிகளைத் திறந்து மதியச் சாப்பாடு போட்டார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2006-ல் தொழிற்படிப்புகளுக்கான மாநில நுழைவுத் தேர்வை ரத்து செய்யச் சட்டம் வந்தது. 2010-ல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை. என் கல்லூரியில் பெரும்பாலான பிள்ளைகள் இந்தக் கதவுகள் வழியாக வந்தவர்கள்தான். 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். இந்தியா முழுவதற்கும் 28.4. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

ஆனால் என் அப்பா காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் என்றாலே வேலை. நாங்கள் எஸ்.எஸ்.எல்.சி. எட்டியபோது டிகிரி கேட்டார்கள். டிகிரி எட்டியபோது இன்ஜினியரிங். ஒரு கட்டத்தில் மாநிலத்தில் 500-க்கும் மேல் பொறியியல் கல்லூரிகள். எல்லோரிடமும் அந்தச் சான்றிதழ் வந்ததும், சான்றிதழை ஓரமாக வைத்துவிட்டு வீக்எண்டைப் பற்றிக் கேட்கிறீர்கள். பள்ளியிலும் இதேதான். வசதியான வீடுகள் மெட்ரிக் பள்ளிக்குப் போயின. 2010, 2011-ல் சமச்சீர் கல்வி வந்து, அதன் பிறகு அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழி வகுப்புகள் பெருகியதும், அதே வீடுகள் சி.பி.எஸ்.இ.க்கும் இன்டர்நேஷனல் பள்ளிக்கும் நகர்ந்தன. நாங்கள் ஏறிய படி, நாங்கள் ஏறிய பிறகு தரையாகிவிடுகிறது.

இதில் எனக்கும் பங்கிருக்கிறது. அந்த மாணவிக்கு நடந்ததற்குப் பிறகு இரண்டு வருடம் நான் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லிக்கொடுத்தேன். பயோடேட்டாவில் போட்டோகிராபி, ட்ரெக்கிங், புத்தக வாசிப்பு என்று எழுதச் சொன்னேன். கேள்வி வந்தால் சமாளிக்க நான்கு வாக்கியம் மனப்பாடம். எங்கள் ஹாஸ்டலில் ஒரு ஜோடி கறுப்பு ஷூ, எட்டாம் நம்பர், வரிசையில் காத்திருக்கும் மூன்று நான்கு பையன்களின் கால்களுக்கு மாறி மாறிப் போகும். டைக்கு முடிச்சுப் போடத் தெரியாது என்பதால் அவிழ்க்காமலேயே கழுத்திலிருந்து கழுத்துக்கு மாற்றுவார்கள். அந்த ஷூவோடும் டையோடும் இரவல் ஹாபியையும் சேர்த்துக் கொடுத்தேன். ஒரு பையன் போட்டோகிராபி என்று சொல்லப்போக, எந்த கேமரா என்று கேட்டிருக்கிறார்கள். வெளியே வந்து அரைமணி நேரம் யாரோடும் பேசவில்லை. தன்மேல் தனக்கே ஒரு அருவருப்பு வந்த முகம் அது. அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டேன்.

பொழுதுபோக்குக் கட்டம் சும்மா பேச்சை ஆரம்பிக்கத்தானே என்று நீங்கள் சொல்லலாம். அமெரிக்காவில் லாரன் ரிவேரா, ஆந்த்ராஷ் டில்சிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2016-ல் வெளியிட்டார்கள். 316 சட்ட அலுவலகங்களுக்குக் கோடைக்காலப் பயிற்சி வேலை கேட்டுக் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். எல்லாவற்றிலும் ஒரே தரக் கல்லூரி, ஒரே உயர்ந்த மதிப்பெண். ஓர விவரங்களில்தான் வித்தியாசம். ஒன்றில் பாய்மரப் படகு, போலோ, செவ்வியல் இசை. இன்னொன்றில் ஓட்டப்பந்தயம், கால்பந்து, நாட்டுப்புறத்துக் கன்ட்ரி இசை, முதல் தலைமுறைக் கல்லூரி மாணவர்களுக்கு வழிகாட்டிய அனுபவம். முதல் வகை ஆண்களில் நூற்றுக்குச் சுமார் 16 பேருக்கு அழைப்பு வந்தது. இரண்டாம் வகை ஆண்களுக்கு நூற்றுக்கு ஒன்று, அவ்வளவுதான். பெண் பெயர் போட்ட விண்ணப்பங்களுக்கு அந்தப் பாய்மரப் படகும் பெரிதாகக் கைகொடுக்கவில்லை என்பது தனி வேதனை. எங்கள் பிள்ளைகள் பெருமையாக எழுதும் ‘முதல் தலைமுறைப் பட்டதாரி’ என்ற சொல் அங்கே எந்தப் பக்கத் தட்டில் விழுந்தது என்று பாருங்கள்.

நம் நாட்டிலும் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லி வட்டாரத்தில் ஹெச்.ஆர். மேலாளர்களைச் சந்தித்துப் பேசி 2007-ல் எழுதினார்கள். மெரிட் மட்டும்தான் பார்க்கிறோம் என்று உறுதியாகச் சொன்ன அதே மேலாளர்கள், குடும்பப் பின்னணியைக் கேட்பதையும் வழக்கமாக வைத்திருந்தார்கள். இரண்டுக்கும் இடையில் முரண் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பழைய மாணவன் ஒருவனே உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார வந்திருந்தான். ஒரு காலத்தில் இரவல் ஷூவில் உள்ளே போனவன். இப்போது டீம் லீட். சாயங்காலம் என்னிடம் தனியாக, “சார், பசங்க நல்லா கோட் பண்றாங்க. எக்ஸ்போஷர்தான் கம்மி” என்றான். எனக்கு நெஞ்சு அடைத்தது. அவனைக் குறை சொல்லமாட்டேன். அந்த உலகத்துக்குள் நிற்கப் பத்து வருடம் அவன் தன் பேச்சை, சாப்பாட்டை, சிரிப்பைக்கூட மாற்றிக்கொண்டிருக்கிறான். கொடுத்த விலை பெரிது என்பதால், அந்தச் சரக்குக்கு மதிப்பு இருந்தே ஆகவேண்டும் என்று மனம் நம்பிவிடுகிறது. அவன் மகள் கீபோர்டு வகுப்புக்குப் போகிறாளாம். சந்தோஷமாகச் சொன்னான். போகட்டும், நன்றாக வாசிக்கட்டும். இன்னும் 15 வருடத்தில் அவளும் ஏதோ ஒரு மேசைக்கு முன்னால் உட்காருவாள், பக்கத்து அறையில் ஆடு மேய்த்த வீட்டுப் பெண் ஒருத்தி காத்திருப்பாள்.

சரி, நான் கேட்பது என்ன? முதலில் அந்தப் பொழுதுபோக்குக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். அப்பா என்ன செய்கிறார் என்ற கேள்வியும் வேண்டாம். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசவேண்டிய வேலை, அதற்கு ஆங்கிலம் வேண்டும் என்றால் ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் அதையே சோதியுங்கள். ஒரு பிழையான புரோகிராமைக் கையில் கொடுத்து, பத்து நிமிடம் அவகாசம் கொடுத்து, ஒரு வாடிக்கையாளருக்கு விளக்குவது போல விளக்கச் சொல்லுங்கள். திக்கித் திணறி ஆனால் சரியாக விளக்குகிறாரா என்று பாருங்கள். உச்சரிப்புக்குத் தனி மதிப்பெண் போடாதீர்கள். முதல் ஐந்து நிமிடம் தமிழில் பேசவிட்டால் இன்னும் நல்லது. பயம் தெளிந்த பிறகு வருகிற ஆங்கிலம் வேறு மாதிரி இருக்கும், நான் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் பார்க்கிறேன்.

‘டீமோடு ஒட்டுவாரா’ என்று சந்தேகம் வந்தால், அவர் சொன்ன எந்தப் பதிலால், செய்த எந்தச் செயலால் அந்தச் சந்தேகம் வந்தது என்று ஒரு வரி கட்டாயம் எழுதவேண்டும் என்று உங்களுக்குள்ளேயே விதி வையுங்கள். எழுத முடியாவிட்டால் அதை அடித்துவிடுங்கள். நீங்களே புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மாதக்கணக்கில் ஜாவாவும் டேட்டாபேஸும் சொல்லித்தருகிறீர்கள். மின்னஞ்சல் எழுதுவதும் மீட்டிங்கில் பேசுவதும் அதைவிடக் கஷ்டமான வித்தை இல்லை, அதையும் அந்த மாதங்களில் சொல்லித்தாருங்கள்.

அந்த மாணவி இப்போது ஓசூரில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். சம்பளம் குறைவுதான். அதில்தான் தம்பியைப் படிக்க வைக்கிறாள். அவன் எங்கள் கல்லூரியிலேயே சேர்ந்து, இப்போது கடைசி வருடத்துக்கு வந்துவிட்டான். வரும் ஆகஸ்டில் அவன் உங்கள் முன்னால் உட்காருவான். போன வாரம் பயோடேட்டா மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு என் அறை வாசலில் நின்றான். எல்லாக் கட்டத்தையும் பூர்த்தி செய்துவிட்டான். ஒன்றே ஒன்று காலியாக இருந்தது.

“சார், ஹாபின்னு என்ன போடட்டும்?”

இரண்டு நாளில் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். உங்கள் பதில் வந்ததும் அவனைக் கூப்பிட்டுச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பிளேஸ்மென்ட் அலுவலர்,
தர்மபுரி மாவட்டம்